'வீடு வரை உறவு' பாட்டைச் சாவு வீட்டில் போடலாமா, கூடாதா?

செம்மண்சாலை

போன வாரம் எங்கள் தெருவில் ஒரு பெரியவர் தவறிவிட்டார். விடியுமுன்னே குழாய் கட்டிவிட்டார்கள். 'ஆடி அடங்கும் வாழ்க்கையடா' ஓடியது, 'போனால் போகட்டும் போடா' ஓடியது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. 'வீடு வரை உறவு' ஆரம்பித்ததும் பெரியவரின் மனைவி உள்ளேயிருந்து வாசலுக்கே வந்து, "அதை நிறுத்தச் சொல்லுங்கய்யா" என்றார். அப்பாவுக்கு உயிரான பாட்டு, நிறுத்தக்கூடாது என்று மூத்தவன். இளையவன் போய் ஒயரைப் பிடுங்கிவிட்டான். பந்தலுக்குள்ளேயே அண்ணனும் தம்பியும் சட்டையைப் பிடிக்காத குறை.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போடலாம். போடத்தான் வேண்டும். 1962-இல் வந்த 'பாத காணிக்கை' படம். கே. சங்கர் இயக்கம், விஸ்வநாதன் - ராமமூர்த்தி இசை, கண்ணதாசன் வரிகள், டி.எம்.எஸ். குரல். "வீடு வரை உறவு, வீதி வரை மனைவி, காடு வரை பிள்ளை, கடைசி வரை யாரோ" என்பது பல்லவி. ஜெமினி, சாவித்திரி, எம்.ஆர். ராதா, குழந்தையாகக் கமல் என்று அத்தனை பேர் இருந்தும் இந்தப் பாட்டு வாய்த்தது அசோகனுக்கு. கக்கத்தில் கட்டையை ஊன்றிக்கொண்டு அவர் பாடிப் போவதைப் பார்த்தால், வில்லன் அசோகனை மறந்துவிடுவீர்கள். படத்தை இன்று எத்தனை பேர் பார்க்கிறார்கள்? பாட்டு மட்டும் அறுபது வருஷத்துக்கு மேலாக ஊர் ஊராகச் சாவு வீட்டுக்கு நடந்துகொண்டிருக்கிறது.

அழ வேண்டிய இடத்தில் அழ வைக்கிற பாட்டைப் போடாமல் வேறெதைப் போடுவது? உங்கள் ஊர்களில் எப்படி?

கோன்ஸ்பீக்கர்

வணக்கமுங்க. அந்தக் குழாயைக் கட்டற ஆளு நானுங்க. கோபி பக்கம். எங்கப்பா காலத்துல இருந்து மைக்செட்தான் பொழப்பு. இசைத்தட்டு போயி கேசட்டு, கேசட்டு போயி சிடி, இப்ப பென்டிரைவ்.

எழவு வீட்டுக்குன்னு ஒரு வரிசை இருக்குதுங்க. காத்தால சீர்காழி. 'ஆடி அடங்கும்', அப்பறம் 'சமரசம் உலாவும் இடமே'. அவரு குரலு ஊரை எழுப்பி விட்டுரும், யாரையும் நோகடிக்காது. எல்லாருக்கும் ஆறடி நெலம்தான்னா அதுல கோவிச்சுக்க என்ன இருக்குது? கூட்டம் சேரச் சேர டி.எம்.எஸ். இந்த 'வீடு வரை'யை மட்டும் நானாப் போடமாட்டனுங்க. வீட்டுக்காரங்க சொன்னாத்தான்.

ஏன்னா அது பொதுவாப் பேசற மாதிரி இருக்கும், ஆனா பந்தல்ல ஒருத்தரைக் கண்டிப்பாக் குத்தும். காட்டைப் பங்கு பிரிக்கறதுல பேச்சுவார்த்தை நின்னுபோன வீடு, பெத்தவரைத் திண்ணையிலயே போட்டு வெச்சிருந்த வீடு, இப்படி இருக்குமுங்க. அங்க ஒரு பங்காளி மெதுவா எங்கிட்ட வந்து, "அண்ணா, அந்த வீடு வரை பாட்டைப் போடுங்க, சத்தமா வெய்யுங்க"ம்பான். அவன் செத்தவருக்காகக் கேக்கறதில்லைங்க. முன்னால சேர்ல உக்காந்திருக்கறவன் காதுல விழோணும்னு கேக்கறான். எங்க பொட்டியை வெச்சு ஊர்ல எத்தனை சண்டை நடந்திருக்குது தெரியுங்களா?

வெண்பாவிரும்பி

பாட்டின் மூலத்தைச் சொல்லாமல் இந்த விவாதம் முழுமை பெறாது. இது பட்டினத்தார் சொத்து.

"அத்தமும் வாழ்வும் அகத்து மட்டே, விழி அம்பு ஒழுக
மெத்திய மாதரும் வீதி மட்டே. விம்மி விம்மி இரு
கைத்தலம் மேல்வைத்து அழும் மைந்தரும் சுடுகாடு மட்டே;
பற்றித் தொடரும் இருவினைப் புண்ணிய பாவமுமே."

காசும் வாழ்வும் வீட்டோடு, பெண்கள் வீதியோடு, பிள்ளைகள் சுடுகாட்டோடு. படிக்கட்டுகள் அப்படியே இருக்கின்றன. கவிஞர் இரண்டு இடங்களில் கை வைத்திருக்கிறார். வீட்டோடு நிற்பது பட்டினத்தாரிடம் பணம், இவரிடம் உறவு. அங்கே தர்க்கம் இடிக்கிறது. உறவுக்காரன் வீட்டோடா நிற்கிறான்? பங்காளி, மாமன், மச்சான் எல்லாரும் சுடுகாடு வரை வந்து, குளித்துவிட்டுத்தான் திரும்புகிறார்கள்.

இரண்டாவது மாற்றம் பெரியது. கூட வருவது வினைப்பயன் என்று பட்டினத்தார் முடித்துவைக்கிறார். இவர் முடிக்கவில்லை. "கடைசி வரை யாரோ" என்று அந்தரத்தில் விட்டுவிட்டு, போகப்போக "சூனியத்தில் நிலைப்பு" என்கிறார். 1961-இல்தான் ஈ.வெ.கி. சம்பத்தோடு தி.மு. கழகத்தை விட்டு வெளியே வந்தார். பகுத்தறிவின் மிச்சம் இன்னும் கையில் ஒட்டியிருந்தது என்பது என் ஊகம்.

ஆறுதல் இல்லாத பாட்டு இது. ஆறுதல் தேவைப்படுகிற இடத்தில் போடுவதற்குப் பட்டினத்தாரே போதும்.

இசைத்தட்டு78

வெண்பா ஐயா பட்டினத்தாரை இழுத்ததால் ஒரு சேதி. அதே 1962-இல்தான் 'பட்டினத்தார்' படமும் வந்தது. கே. சோமு இயக்கம், ஜி. ராமநாதன் இசை. பட்டினத்தாராக நடித்தவர் சாட்சாத் டி.எம்.எஸ்.! பட்டினத்தார் வேஷம் கட்டிப் பாடிய அதே வருஷம் பட்டினத்தாரின் பேரனான இந்தப் பாட்டுக்கும் குரல் கொடுத்திருக்கிறார்.

"ஆடிய ஆட்டம் என்ன" என்று தாளமில்லாமல் விருத்தமாக எடுக்கிறாரே, அந்த இடத்தைத் தனியாகக் கேளுங்கள். சினிமாப் பாடகர் அங்கே இல்லை. ஓதுவாருக்கும் தெருக்கூத்துக்காரருக்கும் நடுவில் ஒரு ஆள் நிற்கிறார். பாதிப் பேர் அந்த விருத்தத்திலேயே விழுந்துவிடுகிறார்கள். பல்லவி வருவதற்குள் பந்தலே அழுதிருக்கும்.

மதுரைமல்லி_70

செம்மண்சாலை தம்பி, அந்த அம்மா ஏன் நிறுத்தச் சொன்னார் என்று உங்களில் ஒருத்தராவது கேட்டீர்களா? அண்ணன் கட்சி, தம்பி கட்சி, பட்டினத்தார் கட்சி எல்லாம் வந்துவிட்டது. பாட்டை நிறுத்தச் சொன்னவள் கட்சி எங்கே?

நான் சொல்கிறேன். இந்தப் பாட்டு பாடையில் படுத்திருக்கிற ஆம்பளையின் பக்கத்திலிருந்து எழுதியது. தொட்டிலுக்கு ஒரு பெண், கட்டிலுக்கு ஒரு பெண், அப்புறம் வீதியோடு நின்றுவிட்டாள் என்று பெண்மேல் ஒரு குறை. நின்றாளா, நிறுத்தினீர்களா?

எங்கள் வீட்டுக்காரரைத் தூக்கிக்கொண்டு போனபோது முச்சந்தியில் பாடையை இறக்கித் திசை மாற்றி வைத்தார்கள். அங்கே கடைசியாக ஒரு சுற்று. அதற்கு மேல் போகக்கூடாது. என் கையை இரண்டு பக்கமும் நாத்தனார்மார் பிடித்திருந்தார்கள். திரும்பி வந்தால் வீடு கழுவ வேண்டும், தலை முழுக வேண்டும், போனவர்கள் வருவதற்குள் வாசலில் தண்ணீர் எடுத்து வைக்க வேண்டும். அத்தனை வேலையையும் நமக்கு வைத்துவிட்டு, ஒலிபெருக்கியில் நம்மைப் பார்த்தே "வீதி வரை மனைவி" என்று பாடினால் எப்படி இருக்கும்? அவரோடு நான் எவ்வளவு தூரம் வந்தேன் என்பது ஆஸ்பத்திரியில் தரையில் படுத்த எனக்குத் தெரியும்.

'போனால் போகட்டும் போடா'வை யாரும் நிறுத்தச் சொல்லவில்லை, கவனித்தீர்களா? 'பாலும் பழமும்' கதையில் போய்விட்டாள் என்று நினைப்பது மனைவியை. அழுதுகொண்டு நடப்பது புருஷன். அதே கண்ணதாசன்தான், அதே டி.எம்.எஸ்.தான். அதில் யார்மேலும் குற்றப்பத்திரிகை கிடையாது.

செம்மண்சாலை

அக்கா, கவிஞர் ஊர் வழக்கத்தைத்தானே சொன்னார்? வழக்கத்தைச் சொன்னால் குறை சொன்னதாக ஆகுமா?

மதுரைமல்லி_70

அப்பாவிப் பாட்டு என்றால் பங்காளி ஏன் சத்தமாக வைக்கச் சொல்கிறான்? கோன்ஸ்பீக்கர் தம்பி சொன்னதைத் திரும்பப் படியுங்கள்.

பனங்கூடல்

கனடா ஸ்காபரோவிலை இருந்து எழுதுறன். ஊர் யாழ்ப்பாணத்து வடமராட்சி.

எங்கட செத்தவீடுகளிலை சினிமாப் பாட்டுப் போடுறது நான் அறிய இல்லை. பறை அடிப்பினம், தேவாரம் படிப்பினம். சுண்ணம், அதான் வாசனைப் பொடி, இடிக்கேக்கை திருப்பொற்சுண்ணம். மாணிக்கவாசகர் சாமிக்குப் பொற்சுண்ணம் இடிக்கிறதுக்குப் பாடினது, எங்கட ஆக்கள் அதைப் பிரேதத்துக்குப் பக்கத்திலை உலக்கையைப் பிடிச்சுக்கொண்டு படிக்கினம். சின்ன வயசிலை எனக்குப் பயமா இருக்கும், ஏனெண்டு விளங்காது. பெண்டுகள் ஒழுங்கை முடக்கோட நிண்டிடுவினம். அதிலை உங்களுக்கும் எங்களுக்கும் வித்தியாசம் இல்லை.

ஆனா இந்தப் பாட்டை அப்பா எப்பவும் பாடுவார். குளிக்கேக்கையும் பாடுவார், காரிலையும் பாடுவார். செத்தவீட்டுப் பாட்டெண்ட எண்ணமே அவருக்கு இல்லை, அது அவருக்கு ரீ.எம்.எஸ். பாட்டு, அவ்வளவுதான். அவர் போனது இஞ்சை. பியூனரல் ஹோமிலை பார்வைக்கு வைச்சு, கிரியை முடிச்சு, பிறகு தகனம். இஞ்சை ஒழுங்கையும் இல்லை, முடக்கும் இல்லை. பெண்டுகளும் ஒண்டாத்தான் வருவினம். அண்ணா பொத்தானை அமத்தேக்கை அம்மா அவற்றை முழங்கையைப் பிடிச்சுக்கொண்டு நிண்டவ.

வீட்டை வரேக்கை அண்ணா காரிலை இந்தப் பாட்டைப் போட்டிட்டார், அப்பாவின்ரை நினைவிலை. "வீதி வரை" எண்டு வந்ததும் எனக்கு நெஞ்சு அடைச்சுப் போச்சு, அம்மா என்ன சொல்லுவாவோ எண்டு. அம்மா வெளியிலை சினோவைப் பாத்துக்கொண்டு, "நான் கடைசி மட்டும் வந்திட்டன், உந்தாளுக்கு ஆரும் சொல்லுங்கோ" எண்டா. எங்களுக்குச் சிரிப்பு வந்திட்டுது. செத்தவீட்டண்டு சிரிச்சது அந்த ஒருக்கால்தான்.

கோன்ஸ்பீக்கர்

அம்மா சொன்னது ஜோருங்க. இங்கயும் மாறீட்டுத்தானுங்க இருக்குது. டவுன்ல கேஸ்ல எரிக்கற எடத்துக்குப் பொம்பளைங்களும் வர்றாங்க. கிராமத்துல இன்னும் இல்ல.

வடசென்னைக்காரன்

எனக்கு இந்தப் பாட்டு 2021 மே மாசத்துக்கு அப்புறம் வேற பாட்டா ஆயிடுச்சு.

அப்பாக்கு கொரோனா. ஆஸ்பிடல் போனவர் திரும்பல. பாடி வீட்டுக்கே வரல. நானும் அம்மாவும் பாசிட்டிவ், ஆளுக்கு ஒரு ரூம்ல அடைஞ்சு கெடக்கோம். அப்போ சுடுகாட்டு வாசல்ல ஆம்புலன்ஸ் வரிசை கட்டி நின்னதெல்லாம் நீங்களும் டிவில பாத்திருப்பீங்க. அந்த வரிசைல ஒரு வண்டில எங்கப்பா. வீடு வரைன்ற பேச்சும் இல்ல, வீதி வரைன்றதும் இல்ல. காடு வரை போக வேண்டிய பிள்ளை நான், கையில போன வச்சினு உக்காந்துனு இருக்கேன்.

நாலு பேர் முழுக் கவச டிரெஸ் போட்டுனு தூக்கினாங்க. மூஞ்சி தெரியல. அதுல ஒருத்தர் வீடியோ கால் போட்டு, "தம்பி, உங்க வழக்கத்துல எதனா சொல்லணும்னா சொல்லு, நான் ஸ்பீக்கர்ல போட்டு அப்பா பக்கத்துல வைக்கிறேன்"னாரு. எனக்கு ஒரு தேவாரமும் தெரியாது. "அப்பா"ன்னு மட்டும் சொன்னேன். பின்னாடி பேசும்போதுதான் தெரிஞ்சுது, அவர் தமுமுகன்ற முஸ்லிம் அமைப்பு ஆளு. கூட வந்த மூணு பேரும் அப்டிதான். நோன்பு, தொழுகைன்னு இருக்கிறவங்க, ஒரு இந்துவ எரிக்கிறதுக்காக வெயில்ல காத்துனு நின்னாங்க.

கடைசி வரை யாரோன்னு வரும்போது எல்லாரும் அழறது, நமக்கு யாருமில்லன்னு. எனக்கு அந்த எடத்துல அந்த நாலு பேர்தான் வர்றாங்க. அதுக்காகவே கேக்குறேன். அம்மா இன்னும் கேக்க மாட்டாங்க. பாட்டு ஆரம்பிச்சாலே எழுந்து கிச்சனுக்குப் போயிடுவாங்க. நானும் ஹெட்போன் போட்டுக்குவேன்.

பனங்கூடல்

வாசிச்சிட்டு என்ன எழுதுறதெண்டு தெரியேல்லை, தம்பி.

தப்புச்சத்தம்

மூணு நாளா இந்த இழையை வாசிக்கிறேன். கடைசி வரைக்கும் யாருன்னு இத்தனை பேர் யோசிக்கிறீங்க. வினைப்பயன், சூனியம், யாருமில்லன்னு ஆளுக்கு ஒண்ணு. வடசென்னைக்காரர்தான் கொஞ்சம் பக்கத்துல வந்தாரு.

எங்க தாத்தாங்க. திருவண்ணாமலைப் பக்கம். ஊர் சுடுகாட்டுல எரிக்கிற வேலை எங்க குடும்பத்து மேல சுமத்தியிருந்தது. பிள்ளை கொள்ளி வெச்சிட்டுத் திரும்பிப் பாக்காமப் போயிடுவான், அதுதான் முறை. மாமன் மச்சான் குளிச்சிட்டுப் போயிடுவாங்க. அதுக்கப்புறம் அந்தப் பொணத்தோட யாரு இருந்தது? வெறகு அடுக்கி, எருமுட்டை அடுக்கி, வைக்கோல் போட்டு மேல சேத்தைப் பூசி மூட்டம் போடறதுல ஒரு கணக்கு இருக்கு. அது தப்பினா நடுராத்திரில அணைஞ்சிடும். மழை வந்தா விடிய விடிய சாக்கைப் போத்திட்டு நிப்பாரு. காலைல பால் தெளிக்க வர்றவங்களுக்கு எலும்பைத் தலையிலிருந்து கால் வரைக்கும் வரிசையா எடுத்துக் குடுக்கிறதும் அவருதான். செத்தவனோட கடைசியா இருந்தவரு. உயிரோட இருக்கும்போது அதே ஆளு வீட்டுத் திண்ணையில ஏற விடமாட்டாங்க.

கூலின்னா சொல்லிக்கிற மாதிரி இல்ல. கொஞ்சம் நெல்லு, ஒரு துண்டு, வாய்க்கரிசியோட விழுந்த சில்லறை. எங்கப்பா அந்த வேலைக்குப் போகமாட்டேன்னு பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போயிட்டாரு. அதுக்கு ஊர்ல பஞ்சாயத்து வெச்சாங்க. இப்ப எங்க பசங்க சாவுக்குப் பறை அடிக்கிறதையும் நிறுத்திட்டாங்க. மேடைன்னா அடிப்பாங்க, சாவுக்கு இல்ல.

எனக்கு இந்தப் பாட்டு ரொம்பப் பிடிக்கும். இசைத்தட்டு சொன்ன விருத்தம் வந்தா எனக்கும் ரோமம் நிக்கும். ஆனா அந்த நாலாவது அடி வர்றப்ப, ஊருக்கே தெரிஞ்ச ஒருத்தரைப் பேர் சொல்லாம விட்ட மாதிரி இருக்கும். எங்க தாத்தா இந்தப் பாட்டைக் கேட்டிருக்காரு, சுடுகாடு வரைக்கும் குழாய் சத்தம் வரும். என்ன நெனைச்சாருன்னு நான் கேட்டு வெச்சுக்கலை.

வெண்பாவிரும்பி

நண்பரின் வருத்தம் புரிகிறது. ஆனால் ஓர் இலக்கிய விவாதத்தில் சாதியை எதற்காகக் கொண்டுவர வேண்டும்? கவிஞர் தத்துவம் பேசுகிறார். நாம் தத்துவத்தோடு நிற்பதே நல்லது.

தப்புச்சத்தம்

நீங்கதான் ஐயா முதல்ல கணக்குப் போட்டீங்க, வீட்டோட யாரு நிக்கிறாங்க, சுடுகாட்டோட யாரு திரும்பறாங்கன்னு. பங்காளி, மாமன், மச்சான்னு பட்டியல் எழுதுனது நீங்க. அதுல விட்டுப்போன ஆளை நான் சேத்தேன்.

மட்டுறுத்துநர்

அவர் தன் தாத்தாவைப் பற்றி எழுதியிருக்கிறார். இழையின் தலைப்புக்குள்தான் எழுதியிருக்கிறார். இதற்குக் கீழே வந்த ஐந்து பின்னூட்டங்களை நீக்கியிருக்கிறேன். எழுதியவர்களுக்கு ஏன் என்று தெரியும். இழை திறந்தே இருக்கும்.

இசைத்தட்டு78

தப்புச்சத்தம், உங்கள் பதிவைப் படித்தபிறகு திருமூலரைத் தேடிப் போனேன். "ஊரெல்லாம் கூடி ஒலிக்க அழுதிட்டு" என்று தொடங்கி, பேரை நீக்கிப் பிணம் என்று பேரிட்டு, காட்டில் கொண்டுபோய்ச் சுட்டு, "நீரினில் மூழ்கி நினைப்பொழிந்தார்களே" என்று முடிப்பார். அவருக்கும் சுட்டவர்கள் குளித்துவிட்டுப் போனது வரைதான் தெரிகிறது. அதற்குப் பின் நெருப்போடு இருந்தவரை எந்தப் புலவரும் நின்று பார்க்கவில்லை போல. அகப்பட்டால் இங்கே போடுகிறேன்.

செம்மண்சாலை

நேற்று அந்த வீட்டுக்குப் போயிருந்தேன், துக்கம் கேட்க. பாட்டைப் பற்றி நானாக எடுக்கவில்லை. அந்த அம்மாவே சொன்னார். பெரியவர் தினமும் சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து இந்தப் பாட்டைப் பாடி அந்த அம்மாவைச் சீண்டுவாராம். "பாத்துக்க, நீ வீதியோட சரி" என்பாராம். "போய்யா" என்று இவர் சொல்வாராம். மதுரைமல்லி அக்கா சொன்ன காரணம் அங்கே இல்லை. அவர் வாயால் கேட்ட பாட்டைக் குழாயில் கேட்க முடியவில்லை, அவ்வளவுதான். மூத்தவன் சொன்னதும் உண்மை, அப்பாவுக்கு உயிரான பாட்டுதான்.

நான் இன்னும் போடலாம் கட்சிதான். வீட்டம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போடலாம் என்று வேண்டுமானால் சேர்த்துக்கொள்கிறேன்.

மதுரைமல்லி_70

அந்த அம்மாவுக்கு ஒரு காரணம், எனக்கு ஒரு காரணம். அவர் காரணம் வேறு என்பதால் என்னுடையது கழிந்துவிடாது தம்பி. ஆனால் கேட்டுவிட்டுப் போடலாம் என்று எழுதினீர்களே, அதற்கு நன்றி.

ஒன்று சொல்ல விட்டுப்போனது. அதே 'பாத காணிக்கை'யில்தான் சுசீலா அம்மா பாடிய 'எட்டடுக்கு மாளிகையில்' இருக்கிறது. அதே கவிஞர், அதே இரட்டையர். மாளிகையில் ஏற்றி வைத்தவன் விட்டுவிட்டுப் போய்விட்டான் என்று ஒரு பெண் தோழியிடம் சொல்கிற பாட்டு. சாவுக்கு எழுதியதில்லை, பிரிவுக்கு எழுதியது. முச்சந்தியில் நின்றபோது எனக்குள்ளே ஓடியது அதுதான். அவர் போன கோபம் இருக்கிறதே, அது 'வீடு வரை'யில் எங்கே இருக்கிறது? சுசீலா குரலில் இருக்கிறது. ஒரு படத்துக்குள்ளேயே இரண்டு பேருக்கும் பாட்டு எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். நீங்கள் ஒன்றை மட்டும் குழாயில் கட்டிவிட்டீர்கள்.

கோன்ஸ்பீக்கர்

அந்தப் பாட்டு எங்கிட்ட இருக்குதுங்க அக்கா. காதுகுத்து வீட்ல பழைய பாட்டு கேக்கறவங்களுக்குப் போடுவேன். எழவு வீட்ல ஒருத்தரும் கேட்டதில்லைங்க.

மதுரைமல்லி_70

கேட்டால் போடுவீர்களா?

கோன்ஸ்பீக்கர்

வீட்டுக்காரங்க சொன்னாப் போடுவனுங்க. மொதல்ல நாலு பெருசுக வந்து என்னைத் திட்டும். திட்டு வாங்கறதும் வாடகையில சேத்திதானுங்க.